பாண்ட் படங்களின் முழுப் பின்னணி இசையைத் தொகுக்கும்போது வரும் பிழைகள்: அறிகுறி வாரியாக நீக்கும் வழிமுறை

ஜேம்ஸ் பாண்ட் படவரிசையின் பின்னணி இசையை ஒரு துண்டும் விடாமல் சேர்த்து, படத்தில் ஒலிக்கும் வரிசையிலேயே அடுக்கி வைக்க விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் ஆல்பங்களை வாங்குவதில் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அடுக்கியதை இரண்டு முறை முழுதாகக் கலைத்த பிறகே, தொடங்க வேண்டிய இடம் படம்தான் என்பது எனக்கு விளங்கியது. கீழே சொல்லியிருக்கும் திருத்தங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு படக் குறிப்பேடு தேவை. படத்தை முதலிலிருந்து இறுதிவரை ஓட்டி, இசை தொடங்கும் நேரம், முடியும் நேரம், முதலில் கேட்கும் வாத்தியம், அப்போது திரையில் நடப்பது, அது பின்னணி இசையா அல்லது காட்சிக்குள் வானொலியிலோ விடுதி மேடையிலோ ஒலிக்கும் இசையா என்பவற்றை ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரப் படத்துக்கு இது ஒரு முழு நாள் வேலை. அந்த ஒரு நாளைச் செலவிடாதவர் பிறகு பல வாரங்களைச் செலவிட நேரும்.

அறிகுறி: படத்தில் தெளிவாகக் கேட்கும் இசை, கையிலுள்ள எந்த ஆல்பத்திலும் இல்லை

தொகுப்பாளர் முதலில் சந்திப்பதும், கடைசிவரை விடாமல் தொடர்வதும் இந்தச் சிக்கல்தான். இதற்குக் காரணம் ஒன்றல்ல. எந்தக் காரணம் என்று பிரித்தறிந்தால்தான் எங்கே தேடுவது என்று தெரியும்.

முதற்காரணம், ஆல்பம் படத்துக்கு முன்பே அச்சுக்குப் போய்விடுவது. 1965இல் வந்த ‘தண்டர்பால்’ படத்துக்கு ஜான் பாரி இசையமைத்து முடிக்கும் முன்பே இசைத்தட்டை வெளியிட வேண்டிய நெருக்கடி ஏற்பட்டது. ஆகவே படத்தின் பிற்பகுதி இசையில் பெரும்பங்கு அந்த இசைத்தட்டில் இடம்பெறவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1997இல் வந்த ‘டுமாரோ நெவர் டைஸ்’ படத்திலும் இதே கதை நிகழ்ந்தது. டேவிட் ஆர்னால்டின் இசையில் படத்தின் கடைசிக் கட்டத்துக்கு உரியவை முதல் ஆல்பத்தில் இல்லை; அவற்றுள் பலவற்றைத் தாங்கிய இரண்டாவது ஆல்பம் 2000இல்தான் வந்தது. உங்கள் குறிப்பேட்டில் காலியாக இருக்கும் வரிகள் எல்லாம் படத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் குவிந்திருந்தால், காரணம் இதுவே என்று கொண்டு, பிற்காலத்து விரிவாக்கப் பதிப்பைத் தேடுங்கள். ‘தண்டர்பால்’ ஆல்பத்துக்கு 2003இல் வந்த மறுபதிப்பில் ஆறு கூடுதல் டிராக்குகள் உள்ளன. அதே ஆண்டில் ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’, ‘ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’, ‘டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’, ‘லிவ் அண்ட் லெட் டை’ ஆகியவற்றின் ஆல்பங்களும் விரிந்த வடிவில் வந்தன. ‘டை அனதர் டே’ படத்துக்கு லா-லா லேண்ட் ரெக்கார்ட்ஸ் 2017இல் வெளியிட்ட இரட்டைக் குறுந்தகடு, 2002இல் வந்த ஆல்பத்தைவிடப் பன்மடங்கு நிறைவானது.

இரண்டாம் காரணம், நாடுகளுக்கிடையே பதிப்பு வேறுபடுவது. ‘கோல்ட்ஃபிங்கர்’ இசைத்தட்டின் பிரிட்டிஷ் பதிப்பில் இருந்த நான்கு டிராக்குகள் அமெரிக்கப் பதிப்பில் இல்லை. தங்கப் பூச்சில் இறந்து கிடக்கும் பெண்ணின் காட்சிக்கும் லேசர் காட்சிக்கும் உரிய இசை அந்த நான்கில் அடக்கம். அமெரிக்கப் பதிப்பை மட்டும் வைத்திருப்பவர் படத்தின் உச்சமான இரு இடங்களை இழந்து நிற்பார். 2003 மறுபதிப்பு இரண்டையும் ஒன்றாக்கியது.

மூன்றாம் காரணம், அந்தத் துண்டை வேறொருவர் எழுதியிருப்பது. 1995இல் வந்த ‘கோல்டன்ஐ’ படத்துக்கு இசையமைத்தவர் எரிக் செரா. ஆனால் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தெருக்களில் டாங்கி ஓடும் காட்சியில் படத்தில் கேட்பது ஜான் ஆல்ட்மன் அமைத்த இசை. செரா அதே காட்சிக்கு எழுதி, படத்தில் பயன்படாமல் போன இசைதான் ஆல்பத்தில் இருக்கிறது. செராவின் ஆல்பத்தை எத்தனை முறை புரட்டினாலும் படத்தில் ஒலிக்கும் டாங்கி இசை கிடைக்காது.

நான்காவது, இசை அந்தப் படத்துக்காக எழுதப்பட்டதே அல்ல என்பது. ‘தி ஸ்பை ஹூ லவ்டு மீ’ படத்தில் பாலைவனத்தில் நடக்கும் காட்சியில் மோரீஸ் ழார் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வுக்கு அமைத்த கருப்பொருள் ஒலிக்கிறது, வில்லனின் கடல்மாளிகையில் மொத்சார்ட்டின் 21ஆம் பியானோ கான்செர்ட்டோ கேட்கிறது. ‘மூன்ரேக்கர்’ படத்தில் வில்லன் ஹியூகோ டிராக்ஸ் பியானோவில் வாசிப்பது ஷோப்பினின் இசை. இவற்றைப் பாண்ட் ஆல்பங்களில் தேடுவது வீண். குறிப்பேட்டில் ‘வெளி இசை’ என்று குறித்து, மொத்தத் தொகுப்பில் சேர்ப்பதா வேண்டாமா என்று முன்கூட்டியே ஒரு விதியை வகுத்துக்கொள்ளுங்கள். நான் சேர்ப்பதில்லை, முழுமை என்று நான் கொள்வது, அந்தப் படத்துக்கென எழுதிப் பதிவான இசையின் முழுமையை.

அறிகுறி: பெயர் ஒன்றே, ஆனால் படத்தில் கேட்டதும் ஆல்பத்தில் கேட்பதும் வேறு

ஆல்பத்துக்கென்று தனியாக மறுபதிவு செய்யும் வழக்கத்தின் விளைவு இது. 1977இல் ‘தி ஸ்பை ஹூ லவ்டு மீ’ படத்துக்கு மார்வின் ஹாம்லிஷ் வெளியிட்ட ஆல்பம் பெரும்பாலும் இத்தகைய மறுபதிவுதான். 1962இல் வந்த ‘டாக்டர் நோ’ படத்தின் ஆல்பத்தின் நிலை இன்னும் கடினம்: அதில் இருப்பவற்றில் கணிசமானவை படத்தில் இல்லை, படத்தில் இருக்கும் பின்னணி இசையில் கணிசமானது அதில் இல்லை.

இரண்டும் ஒரே பதிவா, வெவ்வேறு பதிவுகளா என்பதைக் காதால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஒலித் திருத்த மென்பொருளில் இரண்டு கோப்புகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, தொடக்கத்தை ஒரு மாதிரி (சாம்பிள், டிஜிட்டல் ஒலியின் மிகச்சிறு அலகு) அளவுக்குத் துல்லியமாக நேராக்கி, ஒன்றின் அலையைத் தலைகீழாக்கி, இரண்டையும் கூட்டிப் பாருங்கள். ஏறக்குறைய அமைதி வந்தால் பதிவு ஒன்றே. தொடக்கத்தில் அமைதியாக இருந்து, போகப் போகச் சத்தம் கூடினால், பதிவு ஒன்றே, வேகம்தான் சற்று வேறு. மெல்லிய, மந்தமான எச்சம் மட்டும் சீராகக் கேட்டால், பதிவு ஒன்று, மெருகேற்றல் (மாஸ்டரிங்) வேறு. தொடக்கம் முதலே இரண்டு இசைக்குழுக்கள் ஒருங்கே வாசிப்பதுபோல் குழம்பினால், அது மறுபதிவு. மறுபதிவு என்று உறுதியானால், அதைப் படவரிசைக்குள் நுழைக்காமல் பின்னிணைப்பில் வைப்பதே என் பரிந்துரை. ஏனெனில், மறுபதிவின் இசைக்கருவி அமைப்பும் நடையும் முன்னும் பின்னும் வரும் அசல் துண்டுகளோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும்.

அறிகுறி: ஆல்பத்தின் வரிசை படத்தின் வரிசையோடு ஒத்துப்போகவில்லை

இது பிழையல்ல. ஆல்பம் தனியாகக் கேட்பதற்காக அடுக்கப்படுகிறது. தலைப்புப் பாடல் முதலில் வரவேண்டும், இசைத்தட்டின் இரு பக்கங்களும் ஏறத்தாழச் சமமாக இருக்கவேண்டும், ஒரே தன்மையுள்ள இரு துண்டுகள் அடுத்தடுத்து வரக்கூடாது என்பவையெல்லாம் அங்கே விதிகள். ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தில் டைட்டிலுக்கு முன்பே ஒலிக்கும் தொடக்கக் காட்சியின் இசை, அமெரிக்க இசைத்தட்டில் ஐந்தாவது டிராக்காக இருக்கிறது. அதற்கு முன்னால், நான்காவதாக இருக்கும் டிராக், கார் ஒன்று நசுக்கப்படும் காட்சிக்கு உரியது. அந்தக் காட்சியோ படத்தின் பிற்பாதியில் வருகிறது.

விரிவாக்கப் பதிப்புகளில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. பழைய ஆல்பத்தை அப்படியே முன்னால் வைத்து, புதிதாகக் கிடைத்தவற்றைக் கடைசியில் தொங்கவிடுவதே பெரும்பாலான மறுபதிப்புகளின் முறை. ‘தி லிவிங் டேலைட்ஸ்’ ஆல்பத்துக்கு 1998இல் வந்த மறுபதிப்பில் பன்னிரண்டு பழைய டிராக்குகளுக்குப் பிறகு ஒன்பது புதியவை வருகின்றன. அந்த ஒன்பதும் படத்தின் பல இடங்களுக்கு உரியவை. மேலும், இப்படிச் சேர்க்கப்பட்ட டிராக் ஒன்றிலேயே இரண்டு மூன்று துண்டுகள் ஒட்டப்பட்டிருப்பது உண்டு.

திருத்தும் முறை இதுதான். குறிப்பேட்டின் வரிகளுக்கு, திரைத்துறையின் பழைய வழக்கப்படி ரீல் எண்ணும் துண்டு எண்ணும் கொடுங்கள்: மூன்றாம் ரீலின் இரண்டாம் துண்டு ‘3எம்2’. 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஆயிரம் அடி என்பது சுமார் பதினொரு நிமிடம். ஸ்டுடியோவின் அசல் எண்கள் கிடைக்காத படங்களுக்கு இந்தக் கணக்கை வைத்து நீங்களே ரீல்களாகப் பகுத்துக்கொள்ளலாம். இப்படி எண்ணிடுவதன் பெரிய நன்மை, நாளை ஐந்தாம் ரீலில் ஒரு புதிய துண்டு கிடைத்தால், பிற ரீல்களின் எண்களைத் தொடாமல் ஐந்தாம் ரீலை மட்டும் திருத்தினால் போதும். ஒன்று முதல் நாற்பதுவரை தொடர் எண் இட்டவர் ஒவ்வொரு முறையும் நாற்பது கோப்புகளின் பெயரையும் மாற்றிக்கொண்டிருப்பார். பிறகு ஒவ்வொரு டிராக்கையும் கேட்டு, எந்தெந்த வரிகளுக்கு உரியது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒரு டிராக்குக்கு எதிரே இரண்டு எண்கள் வந்தால் அதை வெட்ட வேண்டும். ஒரே எண்ணுக்கு எதிரே இரண்டு டிராக்குகள் வந்தால் மேலே சொன்ன கூட்டல் சோதனையைச் செய்ய வேண்டும்.

அறிகுறி: படத்தோடு ஒருசேர ஓட்டினால் ஆல்பம் பின்தங்குகிறது, சுருதியும் பொருந்தவில்லை

கையிலிருக்கும் படம் எந்த முறையில் வட்டாக்கப்பட்டது என்று பாருங்கள். சினிமா நொடிக்கு 24 சட்டங்களில் (ஃபிரேம்களில்) எடுக்கப்படுகிறது. பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் வந்த டிவிடிகளில் அது 25 சட்டங்களில் ஓடுகிறது. ஆகவே படம் 4 விழுக்காட்டுக்குச் சற்று மேலாக வேகம் கூடி, சுருதி ஓர் அரைச்சுரத்தின் முக்கால் பங்கை நெருங்கும் அளவு ஏறுகிறது. நான்கு நிமிடத் துண்டு 3 நிமிடம் 50 நொடியில் முடிந்துவிடும். இதை அறியாமல் ஆல்பம்தான் தவறு என்று கருதி, ஆல்பக் கோப்புகளை வேகப்படுத்தி வைத்திருக்கும் தொகுப்பு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அத்தனை உழைப்பும் தலைகீழாய்ப் போனதைக் கண்டு மனம் வருந்தியது.

திருத்த வேண்டியது படத்தின் ஒலியைத்தான். அதன் வேகத்தை 96 விழுக்காடாகக் குறையுங்கள். குறைக்கும்போது சுருதியும் சேர்ந்து இறங்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். நீளத்தை மட்டும் நீட்டிச் சுருதியைக் காக்கும் முறை இங்கே பொருந்தாது. விதிவிலக்கு ஒன்று உண்டு: சில பால் வட்டுகளில் சுருதியை முன்பே சரிசெய்திருப்பார்கள். நீளம் குறைந்தும் சுருதி சரியாகவும் இருந்தால் அந்த வகை. அதற்கு நீளம் மட்டும் நீட்டும் முறைதான் வேண்டும். எனவே, கை வைக்கும் முன் நீளத்தையும் சுருதியையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். டைட்டில் பாடலின் முதல் நீண்ட சுரம் இதற்கு ஏற்றது.

நொடிக்கு 23.976 சட்டங்களில் ஓடும் வட்டுகளில் வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்குதான். காதுக்குத் தெரியாது, ஆனால் இரண்டு மணி நேரத்தில் ஏழு நொடி விலகிவிடும். குறிப்பேட்டின் நேரங்களை வேறொருவரின் குறிப்பேட்டோடு ஒப்பிடும்போது இதை நினைவில் கொள்ளுங்கள். இசைத்தட்டிலிருந்து பதிந்தவர்களுக்கு, சுழல்மேடையின் வேகப் பிழையும் சேரும். அதே டிராக்கின் குறுந்தகட்டுப் பதிவு ஒன்றாவது கிடைத்தால், அதன் நீளத்தை அளவாகக் கொண்டு அந்த முழுப்பக்கத்தையும் ஒரே விகிதத்தில் திருத்தலாம்.

அறிகுறி: இரண்டு துண்டுகளுக்கு நடுவே சிறு இடைவெளி அல்லது ‘டிக்’ ஒலி

படத்தில் ஒன்றோடொன்று கலந்து ஓடும் துண்டுகளை அடுத்தடுத்து வைக்கும்போது இது காதில் குத்தும். கோப்புகள் எம்பி3 வடிவில் இருந்தால் காரணம் பெரும்பாலும் அதுவே. அந்த வடிவம் கோப்பின் தொடக்கத்தில் ஆயிரம் மாதிரிகளுக்கும் மேல் வெற்று ஒலியைச் சேர்க்கிறது; அதைக் கழித்து ஓட்டத் தெரியாத பிளேயரில் இடைவெளி தோன்றும். ஃபிளாக் போன்ற இழப்பற்ற வடிவத்துக்கு மாறுங்கள். எம்பி3யிலிருந்து மாற்றாமல், குறுந்தகட்டிலிருந்தே மறுபடி எடுங்கள்.

இழப்பற்ற கோப்புகளாக இருந்தும், குறுந்தகடாக எரித்த பிறகு மட்டும் இடைவெளி வருகிறதா? குறுந்தகட்டில் ஒரு நொடி 75 பகுதிகளாகப் பிரிகிறது. ஒரு பகுதிக்கு 588 மாதிரிகள். டிராக்கின் நீளம் 588இன் மடங்காக இல்லாவிட்டால், மீதியை எரிக்கும் மென்பொருள் வெற்றொலியால் நிரப்பிவிடும். வெட்டும்போதே குறுந்தகட்டுப் பகுதி எல்லையில் வெட்டும் வசதியை இயக்கிக்கொள்ளுங்கள், அல்லது முழுவதையும் ஒரே நீண்ட கோப்பாக்கி, எல்லைகளைக் குறிக்கும் பட்டியலோடு எரியுங்கள்.

‘டிக்’ ஒலி மட்டும் என்றால், ஒலி அலை சுழியை (பூஜ்ஜியக் கோட்டை) கடக்காத இடத்தில் வெட்டியிருக்கிறீர்கள். சில மாதிரிகள் முன்போ பின்போ நகர்த்தினால் போய்விடும்.

அறிகுறி: ஒட்டிய இடம் காதுக்குத் தெரிகிறது

எந்த இரண்டை ஒட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து முறை மாறும். ஒரே பதிவின் இரண்டு பிரதிகளை ஒட்டும்போது, நேர்க்கோட்டில் ஒன்று இறங்க மற்றது ஏறும் கலப்பைப் பயன்படுத்த வேண்டும். வெவ்வேறு துண்டுகளைக் கலக்கும்போது நேர்க்கோட்டுக் கலப்பு நடுவில் குழி விழுந்ததுபோல் ஒலிக்கும். அங்கே மொத்த ஒலி ஆற்றல் குறையாமல் காக்கும் ‘சம ஆற்றல்’ கலப்பு வேண்டும். ஒட்டும் இடத்தைப் பொறுத்தவரை, தாள வாத்தியத்தின் அடி விழுவதற்கு ஒரு இமைப்பொழுது முன்னே ஒட்டினால், அந்த அடி ஒட்டை மறைத்துவிடும். நீண்டு கரையும் தந்தி ஒலியின் நடுவே ஒருபோதும் ஒட்டாதீர்கள்.

அறிகுறி: ஒரு துண்டு முழங்குகிறது, அடுத்தது முணுமுணுக்கிறது

1960களின் பதிவு, 1998 மறுபதிப்பு, 2017 விரிவாக்கம் என்று வெவ்வேறு காலத்து மெருகேற்றல்கள் கலக்கும்போது இது நேரும். எல்லாக் கோப்புகளையும் ஒரே உச்ச அளவுக்கு உயர்த்திவிடுவது பலர் செய்யும் தவறு. அப்படிச் செய்தால், பாண்ட் இருட்டில் பதுங்கி நடக்கும்போது ஒலிக்கும் மெல்லிய இசையும் வெடிப்புக் காட்சியின் இசையும் ஒரே பலத்தில் நிற்கும். இசையமைப்பாளர் கட்டி எழுப்பிய ஏற்ற இறக்கம் அழிந்துபோகும். மூலப் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு திருத்த எண் கொடுங்கள்: இரு பதிப்புகளிலும் பொதுவாக உள்ள ஒரு டிராக்கை அளந்து, வேறுபாடு எத்தனை டெசிபல் என்று கண்டு, அந்தப் பதிப்பிலிருந்து எடுத்த எல்லாத் துண்டுகளுக்கும் அதே அளவைக் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள். கூட்டுவதைவிடக் குறைப்பது நல்லது, உச்சம் வெட்டுப்படாது.

அறிகுறி: நடுவில் குழிந்த, உள்ளீடற்ற ஒலி

ஸ்டீரியோவின் இடம், வலம் என்ற இரு அலைவரிசைகளில் (சேனல்களில்) ஒன்றின் அலை தலைகீழாகியிருக்கிறது. ஸ்டீரியோக் கோப்பை மோனோவாக்கிக் கேளுங்கள். ஒலி ஏறக்குறைய மறைந்தால் உறுதி. ஒரு பக்கத்தை மட்டும் திருப்பிவிடுங்கள்.

அறிகுறி: பிளேயர் வரிசையைக் குலைக்கிறது

ஒன்றுக்குப் பிறகு பத்து, அதன்பின் இரண்டு என்று வந்தால், எண்களுக்கு முன்னால் சுழியம் இடவில்லை. ரீல் எண் இரண்டு இலக்கமாக, ‘03எம்02’ என்று இருக்கட்டும். ஆல்பப் பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் பிளேயர் அதை வேறு ஆல்பமாகப் பிரித்துவிடும். கோப்பின் விவரக் குறிப்பில் உள்ள இசையமைப்பாளர் புலத்தில் சிறப்புக் கவனம் தேவைப்படுவது பாண்ட் கருப்பொருள் இசைக்கு: அதை எழுதியவர் மான்டி நார்மன், அதற்கு இன்று நாம் அறிந்த வடிவம் கொடுத்து வாத்தியக் கோப்பு (அரேஞ்ச்மென்ட்) செய்தவர் ஜான் பாரி. பாரிதான் எழுதினார் என்று எழுதிய செய்தித்தாள்மீது நார்மன் தொடுத்த அவதூறு வழக்கில், 2001இல் லண்டன் உயர்நீதிமன்ற நடுவர்கள் நார்மன் பக்கமே தீர்ப்பளித்தார்கள். இழப்பீடு 30,000 பவுண்டு. ஆகவே இசையமைப்பாளர் புலத்தில் நார்மன் பெயரும், வாத்தியக் கோப்பாளர் புலத்தில் பாரி பெயரும் இருப்பதே முறை.

அறிகுறி: தலைப்புப் பாடல் ஆல்பத்தில் இல்லை, அல்லது ஒன்றுக்கு மேல் இருக்கிறது

‘கசினோ ராயல்’ 2006 ஆல்பத்தில் கிறிஸ் கார்னெல் பாடிய பாடலும், ‘ஸ்கைஃபால்’ 2012 ஆல்பத்தில் அடெல் பாடிய பாடலும் இல்லை. அவை தனி வெளியீடுகளாக வந்தன. தனி வெளியீட்டை டைட்டில் இடத்தில் வைக்கும் முன், படத்தில் ஒலிக்கும் நீளத்தோடு ஒப்பிடுங்கள். படத்துக்காக வெட்டிய வடிவமும் தனிப்பாடல் வடிவமும் பல படங்களில் வேறுபடும். ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ பாடலை நான்சி சினாட்ரா தனிப்பாடலாகப் பாடியது வேறொரு பதிவே. மறுபுறம், ‘தி வேர்ல்ட் இஸ் நாட் இனஃப்’ 1999 ஆல்பத்தின் இறுதியில் ஸ்காட் வாக்கர் பாடும் பாடல் படத்தில் ஒலிப்பதில்லை. அது அருமையான பாடல். ஆனாலும் அதன் இடம் பின்னிணைப்புதான்.

அறிகுறி: எல்லாம் முடிந்தும் சில வரிகள் காலியாகவே நிற்கின்றன

படத்தின் பன்முக ஒலித்தடத்தில் வசனம் பெரும்பாலும் நடு அலைவரிசையில் இருப்பதால், அதை நீக்கிவிட்டு எஞ்சிய இசையை எடுத்து இந்தக் காலியிடங்களை நிரப்பலாம் என்று தோன்றும். செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: துப்பாக்கிச் சத்தமும் கார் உறுமலும் பக்க அலைவரிசைகளில் அப்படியே இருக்கும், இரண்டு தூய பதிவுகளுக்கு நடுவே அது வரும்போது, தொகுப்பின் தரம் அந்த ஒரு துண்டின் தரத்துக்கு இறங்கிவிடும். அப்படி எடுத்ததைத் தனிக் கோப்புறையில் வைத்து, சொந்தப் பயன்பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதன்மை வரிசையில், நேரமும் நீளமும் முதல் வாத்தியமும் குறித்த வரி காலியாகவே இருக்கட்டும். புதிய விரிவாக்கப் பதிப்பு ஒன்று வெளிவரும் நாளில், எந்த டிராக் எந்த வரிக்கு உரியது என்பதை அந்தக் குறிப்பே சில நிமிடங்களில் காட்டிவிடும்.